லாச்சப்பல் கீரைக்கட்டும் வீட்டு முயலும்

பரிஸ் அடுக்குமாடிகளுக்குள் பிள்ளைகளின் செல்லமாக வந்துவிட்ட முயலுக்கு நாம் ஆசையாய் ஊட்டும் பழமே அதன் வயிற்றுக்குக் கேடாகலாம். எந்த இலை, எவ்வளவு, எதைத் தொடக்கூடாது? தமிழ் வீடுகளுக்கான முழு வழிகாட்டி.

சனிக்கிழமைகளில் லாச்சப்பல் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஃபோபூர் சென்-தெனி வீதிக்குள் நுழைந்தால் கடை வாசல்களிலேயே ஊர் தெரியும். முருங்கைக்காய், வாழைப்பூ, கட்டுக்கட்டாக வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், கறிவேப்பிலை. 1980களில் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த தமிழர்கள் இந்த வீதியையும் அதை ஒட்டிய கை வீதி, பெர்தொனே வீதியையும் தங்கள் கடைத்தெருவாக்கிக் கொண்டார்கள். லா கூர்நெவ், பொபினி, சார்செல், வில்லியே-லெ-பெல் என்று புறநகர்களில் குடியிருப்பவர்களும் கிழமைக்கான மரக்கறி வாங்க இங்கேதான் வருகிறார்கள்.

இப்படி வாங்கிப் போகும் பையில் இப்போது சில வீடுகளில் இன்னொரு வாய்க்கும் பங்கு இருக்கிறது. பிரான்ஸில் பிறந்த பிள்ளைகள் வகுப்புத் தோழர்களின் வீட்டில் பார்த்துவிட்டு வந்து கேட்கும் செல்லப்பிராணிகளில் முயலும் ஒன்று. நாய் வளர்க்க வீட்டில் இடமில்லை, பூனை என்றால் அம்மாவுக்குப் பிடிக்காது, முயல் என்றால் சிறியது, சத்தம் போடாது என்று பெற்றோரும் இசைந்துவிடுகிறார்கள். முயல் வந்த பிறகுதான் கேள்வி எழுகிறது: இதற்கு என்ன கொடுப்பது?

வீட்டுக்கு வந்தவரை நல்ல பழத்தை நறுக்கி வைத்து உபசரிக்கும் வழக்கம் நம்முடையது. அதே அன்போடு வாழைப்பழத் துண்டும் மாம்பழத் துண்டும் அப்பிள் கீற்றும் முயலின் தட்டுக்குப் போகின்றன. முயலும் ஆசையாகத் தின்னும். அது தின்கிறது என்பதையே அதற்கு நல்லது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்கிறோம். முயல் வளர்க்கும் வீடுகளில் நடக்கும் முதல் பிழை இதுதான். முயலின் உணவில் பழத்துக்கு மிகச் சிறிய இடமே உண்டு. கீரைக்கு நல்ல இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டியது புல்.

ஊரில் கண்ட முயல் வேறு

வன்னிக் காட்டில் ஓடிய முயலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பெரியவர்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழ்வது லெபஸ் நைக்ரிகாலிஸ் எனப்படும் காட்டு முயல். அது வளை தோண்டாது; திறந்த வெளியில் தனித்து வாழும்; குட்டிகள் உடல் முழுக்க மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். பரிஸ் வீட்டில் வளர்வது ஐரோப்பிய முயல். ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் உள்ளடக்கிய ஐபீரியத் தீபகற்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அது வளை தோண்டும், கூட்டமாக வாழும், குட்டிகள் கண் திறக்காமல் வெறும் தோலோடு பிறக்கும். உருவத்தில் ஒற்றுமை இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு இனங்கள். வறண்ட மண்ணில் காய்ந்த புல்லையும் பூண்டையும் தின்று செழித்த இனம்தான் இன்று நம் வரவேற்பறையில் இருக்கிறது. அதன் குடல் அந்தப் பழைய மண்ணுக்கு ஏற்பவே இன்றும் வேலை செய்கிறது.

ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுப் பழகிய கையும் நம் வீடுகளில் உண்டு. ஆடு தின்றால் முயலும் தின்னும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வருகிறது. ஆட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. அதில் வாழும் நுண்ணுயிர்கள் சில இலைகளின் நச்சையும் உடைத்துவிடும். இப்பில் இப்பில் இலையில் உள்ள மிமோசின் என்ற நச்சு அதற்கு நல்ல உதாரணம். பழகிய ஆடு அதைத் தாங்கும். முயலுக்கு அதிகமானால் மயிர் உதிர்ந்து உடல் கெடும். ஆட்டுத் தீனி அறிவை முயலிடம் அப்படியே கொண்டுவர முடியாது.

மூன்றாவது குழப்பம் இணையத்தில் தமிழில் கிடைக்கும் முயல் வளர்ப்புக் காணொளிகளால் வருவது. அவற்றில் பெரும்பாலானவை இறைச்சிப் பண்ணைகளுக்கானவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இன முயல்களை வளர்த்து விவசாயிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். அகத்தி, முருங்கை, வேலிமசால், குதிரைமசால், முயல்மசால், அவற்றோடு அடர்தீவனம் என்று அந்தப் பண்ணை முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதன் நோக்கம் சில மாதங்களில் எடை கூட்டுவது. பிரான்ஸின் பண்ணைகளில் முயல் பத்துப் பதினொரு கிழமைக்குள் இறைச்சிக்குப் போய்விடும். பிள்ளையின் அறையில் வளரும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ வேண்டியது. விரைவாகக் கொழுக்க வைக்கும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அந்த நீண்ட ஆயுளுக்குள் பல்லையும் சிறுநீர்ப்பையையும் கல்லீரலையும் கெடுக்கும். எந்த அறிவுரையைக் கேட்டாலும், அது பண்ணை முயலுக்கா வீட்டு முயலுக்கா என்பதை முதலில் பாருங்கள்.

குடலும் பல்லும் கேட்பது

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் கிழமைக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்பதால்தான் அவை தேயும். மென்மையான உணவே தின்றால் கடைவாய்ப் பற்கள் கூராக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். அந்த வலியில் முயல் சாப்பாட்டை நிறுத்தும்.

வயிற்றிலும் இதே கதைதான். முயலின் குடல் தொகுதியில் ஏறத்தாழ 40 வீத இடத்தைப் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள குருட்டுக்குடல் பிடித்துக்கொள்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் தாவர நாரை நொதிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்து மென்மையான, பளபளப்பான உருண்டைகளாக வெளிவரும்போது முயல் அதை நேரடியாக வாயால் எடுத்து மறுபடியும் தின்னும். முதன்முதலில் இதைப் பார்க்கும் வீட்டார் பதறிப்போகிறார்கள். பதற வேண்டியதில்லை. அப்படித் தின்பதால்தான் பி வகை விற்றமின்களும் புரதமும் அதற்குக் கிடைக்கின்றன.

செரிக்காத கரடுமுரடான நார்தான் இந்தக் குடலை ஓட வைக்கும் விசை. நார் குறைந்து இனிப்பும் மாவும் கூடினால் குடலின் அசைவு மந்தமாகும்; குருட்டுக்குடலில் கெட்ட நுண்ணுயிர்கள் பெருகும்; வாயு அடைக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது வெளியேற ஒரே வழிதான் உண்டு. அது அடைபட்டால் உயிருக்கே ஆபத்து.

நம் சாப்பாட்டை வைத்தே இதை நினைவில் நிறுத்தலாம். உலர்புல் முயலின் சோறு, கீரை அதன் கறி, பழம் திருவிழா நாளின் பாயசம். சோறில்லாமல் பாயசத்திலேயே ஒரு குழந்தையை யாரும் வளர்ப்பதில்லை.

முதலில் உலர்புல்

முயல் தின்பதில் 80 வீதத்துக்கும் மேல் உலர்புல்லாகவே இருக்க வேண்டும். நாளெல்லாம் அதன் முன்னால் அது இருக்க வேண்டும். அளவு பார்க்கத் தேவையில்லை; முயலின் உடலளவுக்கு ஒரு குவியல் ஒவ்வொரு நாளும் தீர்ந்தால் நல்லது.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். கடைகளில் ‘ஃபுவான்’ என்று எழுதியிருப்பது உலர்புல். ‘பை’ என்று எழுதியிருப்பது வைக்கோல். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரிப் பொதியில் அடுக்கியிருக்கும். வைக்கோல் படுக்கைக்கு உதவும், உணவாகப் போதாது. நல்ல உலர்புல் பச்சை மாறாமல், தூசி இல்லாமல், வெட்டிய புல்லின் வாசத்தோடு இருக்கும். ‘லுஸேர்ன்’ என்பது நம் குதிரைமசால். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் மிகுந்த அது வளரும் குட்டிகளுக்கே ஏற்றது. வளர்ந்த முயலுக்கு அதை அன்றாட உணவாக்கக் கூடாது.

உருண்டைத் தீனி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமைத் தாண்டாமல் இருக்கட்டும். பல நிறத் தானியங்களும் காய்ந்த பழத் துண்டுகளும் கலந்த பொதிகள் பார்வைக்கு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். எடின்பரோ பல்கலைக்கழக மிருக வைத்திய ஆய்வாளர்கள் இந்தக் கலவைத் தீனியை ஆராய்ந்தபோது, முயல்கள் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்று உலர்புல்லைக் குறைத்ததையும் பல் கோளாறுகள் வந்ததையும் கண்டார்கள்.

கீரை கொடுக்கிறோம், தண்ணீர் எதற்கு என்ற எண்ணமும் நம்மிடையே இருக்கிறது. அது தவறு. முயல் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். கனமான கிண்ணத்தில் எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும்.

எந்தக் கீரை, எவ்வளவு?

பிரான்ஸின் முயல் வைத்தியர்கள் பலர் சொல்லும் அளவு, உடல் எடையில் 8 முதல் 10 வீதம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள குள்ள முயலுக்கு நாளொன்றுக்கு 120 முதல் 150 கிராம் பச்சிலை. காலையும் மாலையும் இரண்டு கைப்பிடி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே இலையைக் கொடுக்காமல் மூன்று நான்கு வகையைக் கலந்து கொடுப்பது நல்லது. ஒரு தாவரத்தில் ஒன்று கூடுதலாக இருந்தால் இன்னொன்று அதைச் சமன்செய்யும்.

அன்றாடம் கொடுக்கக்கூடியவை: ரொமேன் சலாட், சிக்கரி வகைகள், ஆந்தீவ், கரட் இலை, முள்ளங்கி இலை, பெருஞ்சீரகச் செடியின் இலையும் தண்டும், செலரி இலை, துளசிக் குடும்பத்துப் பஸிலிக், புதினா, கொத்தமல்லி. நம் கடைக் கீரைகளில் கொத்தமல்லியும் புதினாவும் முதல் இடத்தில் நிற்கின்றன. கங்குனைத் தென்கிழக்காசியாவில் முயல்களுக்குப் பரவலாகக் கொடுக்கிறார்கள். மற்ற இலைகளோடு கலந்து கொடுக்கலாம்.

அளந்து கொடுக்க வேண்டியவைதான் நம் வீடுகளில் நிறைய. காரணம் சுண்ணாம்புச் சத்து. பெரும்பாலான பாலூட்டிகளின் உடல் தேவைக்கு மட்டும் சுண்ணாம்பை உறிஞ்சி மிச்சத்தை மலத்தோடு தள்ளிவிடும். சிறுநீரில் 2 வீதத்துக்கும் குறைவாகவே போகும். முயலின் உடல் கிடைத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சி, அதில் ஏறத்தாழ பாதியைச் சிறுநீரில் வெளியேற்றும். முயலின் சிறுநீர் இயல்பாகவே கலங்கலாக இருப்பது அதனால்தான். அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சேறுபோலப் படிந்து கல்லாகும்.

100 கிராம் இலையில் உள்ள சுண்ணாம்புச் சத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ரொமேன் சலாட்டில் சுமார் 33 மில்லிகிராம், கொத்தமல்லியில் 67, ஸ்பினாச் கீரையில் 99, பார்ஸ்லியில் 138, முருங்கை இலையில் 185, முளைக்கீரையில் 215. முருங்கை இலையின் பெருமை நமக்குத் தெரியும். வளரும் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது வரம். வீட்டுக்குள் சோம்பிக் கிடக்கும் வளர்ந்த முயலுக்குக் கிழமையில் ஒரு நாள் ஒரு சிறு கொத்துப் போதும். முளைக்கீரை, பொன்னாங்காணி, ஸ்பினாச் மூன்றிலும் ஒக்சலேற்று உப்பும் இருப்பதால் அவற்றையும் அதே கணக்கில் வையுங்கள். கோவா, புரக்கோலி, பூக்கோவா போன்றவை வாயுவைத் தரக்கூடியவை. சிறு இலையாகக் கொடுத்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

குட்டி முயலுக்கு மூன்று மாதம் ஆன பிறகு கீரையைத் தொடங்குவது பாதுகாப்பு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புது இலை, அதுவும் ஓரிரண்டு மட்டும். இரண்டு நாள் புழுக்கையைக் கவனியுங்கள். உருண்டையாக, காய்ந்து, ஒரே அளவில் விழுந்தால் அடுத்த இலைக்குப் போகலாம். இளகினால் நிறுத்திவிட்டு உலர்புல்லுக்குத் திரும்புங்கள்.

கடல் கடந்து வந்த இலையும் சந்தைக் கரட் இலையும்

நம் கடைகளின் கீரையில் இன்னொரு விடயமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1793 ஆம் இலக்க ஒழுங்குவிதி, எல்லையில் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய இறக்குமதி உணவுகளைப் பட்டியலிடுகிறது. பூச்சிகொல்லி எச்சத்துக்காக அதில் சேர்க்கப்பட்டவற்றில் இலங்கையிலிருந்து வரும் வல்லாரையும் பொன்னாங்காணியும் இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையும் இருக்கின்றன. சோதனை இருப்பது நமக்குப் பாதுகாப்பு. ஆனால் அந்தச் சோதனையின் அளவுகோல் மனிதருக்கானது.

ஒன்றரைக் கிலோ முயல் 150 கிராம் கீரை தின்பது, 60 கிலோ மனிதர் ஒரு நாளில் 6 கிலோ கீரை தின்பதற்குச் சமம். நாம் வல்லாரைச் சம்பலைக் கரண்டியளவுதான் தொட்டுக்கொள்கிறோம். மிகச் சிறிய எச்சமும் முயலின் உடலில் பெரிதாகச் சேரும். ஆகவே வல்லாரையும் பொன்னாங்காணியும் அதற்கு எப்போதாவது ஓரிரு இலையாக இருக்கட்டும். அன்றாடக் கீரையைப் பக்கத்துச் சந்தையில் தேடுங்கள்.

அந்தச் சந்தைகளும் நடை தூரத்தில்தான் இருக்கின்றன. பாலத்தில் மெட்ரோ ஓட, அதன் கீழே லாச்சப்பல் பெருவீதியில் புதனும் சனியும் காலையில் கூடும் பார்பெஸ் சந்தையில் கொத்தமல்லியும் புதினாவும் பெரிய கட்டுகளாகக் கிடைக்கும். மார்க்ஸ் டோர்மோவா பக்கம் போனால் 1885இல் கட்டப்பட்ட லாச்சப்பல் மூடுசந்தை இருக்கிறது. கரட், முள்ளங்கிக் கட்டு வாங்குபவர்களிடம் வியாபாரிகள் ‘ஃபான்’, அதாவது இலையை வெட்டித் தரவா என்று கேட்பார்கள். பலரும் வெட்டச் சொல்லிவிட்டுப் போவதால் அந்த இலை பெட்டி பெட்டியாகக் குப்பைக்குப் போகும். முயலுக்கு என்று கேட்டால் பெரும்பாலும் காசில்லாமலே தருவார்கள். வாடாத, பூஞ்சணம் பிடிக்காத இலையாகப் பார்த்து எடுத்து, நிறையத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, நீர் வடிய விட்டுக் கொடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இலையை அறையின் சூட்டுக்கு வந்த பிறகே வையுங்கள்.

பழம்: கரண்டியளவே போதும்

பழத்தின் பிரச்சினை அதன் சர்க்கரை. 100 கிராமில் ஸ்ட்ரோபெரியில் சுமார் 5 கிராம் சர்க்கரை, பப்பாளியில் 8, அப்பிளில் 10, வாழைப்பழத்தில் 12, மாம்பழத்தில் 14, திராட்சையில் 15, பலாப்பழத்தில் 19. இரண்டு கிலோ முயலுக்குக் கிழமையில் ஒன்றிரண்டு நாள், ஒரு தேக்கரண்டியளவு. அவ்வளவுதான் எல்லை. அப்பிளின் விதையையும் பீச், அப்ரிக்கோ, செரியின் கொட்டையையும் கட்டாயம் அகற்றுங்கள். அவற்றில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் நீர் வற்றிச் சர்க்கரை செறிந்தவை; அவை வேண்டாம்.

பஜோல் வீதி மாணிக்க விநாயகர் ஆலயத்துக்குப் போய் வரும் நாட்களில் வீட்டில் அர்ச்சனைத் தட்டு வாழைப்பழமும் தேங்காயும் இருக்கும். தேர்த்திருவிழாக் காலத்தில் இன்னும் கூடும். பிரசாதத்தை வீட்டு உயிருக்கும் பகிர்வது நல்ல மனம். ஆனால் வாழைப்பழம் விரல்நகம் அளவுக்கு மேல் வேண்டாம். தேங்காயின் கொழுப்பு முயலுக்கு ஒத்துக்கொள்ளாது. பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்தான் உண்மையில் முயலுக்கு ஏற்ற பிரசாதம். சந்தனமும் குங்குமமும் படாத, புதிதாகப் பறித்து அலசிய அறுகை அது தாராளமாகத் தின்னலாம்.

கரட்டையும் பழக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். முயல் என்றால் கரட் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது 1940இல் திரைக்கு வந்த பக்ஸ் பனி கார்ட்டூன். 1934ஆம் ஆண்டுப் படமொன்றில் நடிகர் கிளார்க் கேபிள் கரட்டைக் கடித்தபடி பேசும் காட்சியிலிருந்து அதை எடுத்ததாக அந்த கார்ட்டூனை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். கிழங்கில் சர்க்கரையும் மாவும் உண்டு. முயலுக்கு வேண்டியது மேலே இருக்கும் இலை. கிழங்கைப் பிள்ளைகள் தின்னட்டும்.

அன்னாசியும் பப்பாளியும் முயலின் வயிற்றில் சேரும் மயிரைக் கரைக்கும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழங்களின் நொதிகளால் மயிரைக் கரைக்க முடியாது. மயிரை வெளியே தள்ளுவது நாரும் தண்ணீரும் ஓட்டமும்தான். மயிர் உதிரும் காலத்தில் ஒவ்வொரு நாளும் சீவிவிடுங்கள்.

கிட்டவே கொண்டுபோகக் கூடாதவை

நம் சமையலறையில் எந்நேரமும் இருக்கும் வெங்காயம், உள்ளி, லீக்ஸ், வெங்காயத்தாள் நான்கும் முயலின் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியவை. அவகாடோவின் பழம், தோல், இலை எல்லாவற்றிலும் உள்ள பெர்சின் இதயத்தைத் தாக்கும். மரவள்ளி இலை, பச்சைச் சேம்பு இலை, உருளைக்கிழங்கு மற்றும் தக்காளிச் செடியின் இலை, ருபார்ப் இலை ஆகியவையும் விலக்கு. சோறு, பாண், பிஸ்கற், பருப்பு, கச்சான், சொக்கிலேற் எதுவும் முயலின் உணவில்லை.

பரிஸ் வீடுகளுக்கென்று தனி எச்சரிக்கைகள் இரண்டு உண்டு. மே முதலாம் நாள் பிரான்ஸ் முழுதும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் மியூகே மலர்க்கொத்து இதயத்தை நிறுத்தவல்ல நஞ்சு கொண்டது. அது நின்ற கிண்ணத்துத் தண்ணீர்கூட ஆபத்து. பல்கனிகளில் தொட்டியில் நிற்கும் ‘லோரியே ரோஸ்’ நம் அரளியேதான். ஊரில் அரளியிடமிருந்து குழந்தையைக் காப்பது போல இங்கே முயலைக் காக்க வேண்டும்.

பூங்காவில் புல் பறிக்கலாமா?

பிரான்ஸில் 2017 முதல் பொதுப் பூங்காக்களில் இரசாயனப் பூச்சிகொல்லி, களைகொல்லி தெளிக்கத் தடை இருக்கிறது. அதை நம்பி வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் புல் பறித்துவிட வேண்டாம். நாய்ச் சிறுநீர், புறா எச்சம், வாகனப் புகை ஒருபுறம். காட்டு முயல்கள் நடமாடிய இடமென்றால் நோய் மறுபுறம்.

பரிஸ் நகரின் நடுவிலேயே, அன்வாலிட் மாளிகையின் புல்வெளியில் காட்டு முயல்கள் வாழ்கின்றன. 2021இல் நிர்வாகம் அவற்றைச் சேதம் விளைவிக்கும் விலங்குகளின் பட்டியலில் சேர்த்தபோது விலங்குநேய அமைப்புகள் எதிர்த்தன; அந்த முடிவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அத்தகைய இடங்களின் புல்லில், முயல்களைத் தாக்கும் இரத்தப்போக்கு நோயின் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடும். இலையோடு மட்டுமல்ல, சப்பாத்தின் அடியில் ஒட்டியும் அது வீட்டுக்குள் வரும். இந்நோய் முதலில் 1984இல் சீனாவில் கண்டறியப்பட்டது. அதன் இரண்டாவது வகை 2010இல் பிரான்ஸிலேயே முதலில் கண்டறியப்பட்டது.

மிக்சொமற்றோசிஸ் என்ற இன்னொரு நோய் நுளம்பாலும் தெள்ளாலும் பரவுகிறது. 1952இல் அர்மான்-தெலில் என்ற மருத்துவர் தன் பண்ணையில் முயல் தொல்லையை ஒழிக்க இந்தக் கிருமியை வேண்டுமென்றே விட்டார். சில ஆண்டுகளுக்குள் பிரான்ஸின் காட்டு முயல்களில் பெரும்பகுதி அழிந்தது. நோய் ஐரோப்பா முழுதும் பரவியது. இந்த நோய்கள் நுளம்போடும் சப்பாத்தோடும் வீட்டுக்குள் வந்துவிடுவதால்தான், வீட்டை விட்டு வெளியே போகாத முயலுக்கும் தடுப்பூசி வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். மிக்சொமற்றோசிஸையும் இரத்தப்போக்கு நோயின் இரு வகைகளையும் ஒரே ஊசியில் தடுக்கும் மருந்து இப்போது கிடைக்கிறது.

பச்சைப் புல் வேண்டுமென்றால் யன்னல் ஓரத்திலேயே விளைவிக்கலாம். அகன்ற தட்டில் மண் பரப்பிக் கோதுமையைத் தூவினால் பத்து நாளில் வெட்டக்கூடிய புல் வளரும். கொத்தமல்லியும் புதினாவும் தொட்டியில் வளரும். அதில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

பன்னிரண்டு மணி நேரம்

முயல் தன் நோயை மறைக்கும் விலங்கு. வேட்டையாடப்படும் உயிர்களின் இயல்பு அது. ஆகவே மூன்று அறிகுறிகளை மனதில் வையுங்கள்: பிடித்த இலையைக்கூடத் தொடாமல் இருப்பது, புழுக்கை சிறுத்துப்போவது அல்லது நின்றுபோவது, முதுகைக் குறுக்கி மூலையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிப்பது. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் காப்பாற்றுவது கடினம். சிறுநீர் செம்மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் என்ன இலை கொடுத்தீர்கள் என்று பாருங்கள். தாவரச் சாயத்தால் அப்படி வருவதுண்டு. ஆனால் முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போனால் உடனே காட்டுங்கள்.

எல்லா மிருக வைத்தியர்களுக்கும் முயல் வைத்தியத்தில் பழக்கம் இருக்காது. நாய், பூனை தவிர்ந்த சிறு செல்லப்பிராணிகளை இங்கே ‘நாக்’ என்ற சுருக்கப் பெயரால் சொல்கிறார்கள். தொலைபேசியில் நேரம் எடுக்கும்போதே நாக் பார்க்கும் வைத்தியர் வேண்டும் என்று கேளுங்கள். 1760களில் குளோட் பூர்ஜெலா நிறுவிய அல்ஃபோர் மிருக வைத்தியக் கல்லூரியின் மருத்துவமனையும் இத்தகைய பிராணிகளைப் பார்க்கிறது. எட்டாம் இலக்க மெட்ரோவில் ‘எக்கோல் வெத்தெரினேர் த மெசோன்-அல்ஃபோர்’ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது.

வாங்குவதற்கு முன்

பிரான்ஸ் 2021 நவம்பரில் நிறைவேற்றிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 2022 ஒக்டோபர் முதல், முயலை முதன்முறையாக எடுக்கும் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழிச் சான்றிதழில் கையொப்பமிட வேண்டும். கையொப்பத்துக்கும் முயலைக் கையில் வாங்குவதற்கும் இடையில் குறைந்தது ஏழு நாள் இடைவெளி இருக்க வேண்டும். கடைக் கண்ணாடிக்கு முன்னால் பிள்ளை அழுதவுடன் வாங்கிவிடாமல் யோசிக்கவே அந்த ஏழு நாள். வளர்க்க முடியவில்லை என்று பூங்காவில் விட்டுவருவது குற்றம். மூன்று ஆண்டுச் சிறையும் 45,000 யூரோ தண்டமும் வரை அதற்கு விதிக்கலாம். சட்டத்தைவிடப் பெரிய காரணம், வீட்டில் வளர்ந்த முயல் வெளியில் அதிக நாள் உயிர் பிழைக்காது.

அந்த ஏழு நாளில் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு நாளும் யார் உலர்புல் போடுவது? கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பது? இரவில் நோய் கண்டால் எந்த வைத்தியரிடம் போவது? பதில் இல்லையென்றால் முயல் வேண்டாம். பிள்ளையிடம் அதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பதில் இருந்தால், அடுத்த சனிக்கிழமை லாச்சப்பல் போகும்போது வீட்டுக்குப் பழம் வாங்குங்கள், முயலுக்குக் கொத்தமல்லியும் புதினாவும் கரட் இலையும் வாங்குங்கள். அதற்கு முன் வீட்டில் உலர்புல் இருக்கிறதா என்று பாருங்கள். உலர்புல் தீர்ந்துபோன வீட்டில் எவ்வளவு கீரை இருந்தாலும் முயல் பட்டினிதான்.